குசினிப் புகையும் கூரைத் தகடும்

மூதூர் கிழக்கில் மீளக் குடியேறிய குடும்பமொன்றின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயது கடந்திருக்கும். பீடி, சுருட்டு எதையும் தொட்டறியாதவர். ஆயினும் கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரைக் குசினிக்குக் கொண்டு வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். "போன மாரிக்குப் பிடிச்ச தடிமன் பிள்ளையள், இன்னும் விடேல்ல" என்றார். நாங்கள் போனது ஆனி மாதத்தில்.

குசினிக்குள் எட்டிப் பார்த்தோம். மூன்று கல் அடுப்பு. யன்னல் இல்லை. சுவரும் கூரையும் கரி படிந்து தார் பூசியதுபோல் இருந்தன. "அம்மா, இந்த அடுப்புக்கு ஒரு புகைபோக்கி வைப்பியுங்கோ" என்று சொல்லி, எப்படி வைப்பது என்றும் விளக்கிவிட்டு வந்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது புகைபோக்கி வைத்திருந்தார்கள். அயல்வீட்டு இளைஞர் ஒருவர் கிறைண்டர் கொண்டுவந்து கூரைத் தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக் குழாயை ஏற்றியிருந்தார். நாங்கள் போனது வேலை முடிந்த மறுநாள். குசினி முழுவதும் வெள்ளைத் தூசு. பானையிலும் தட்டிலும் பேரப்பிள்ளை விளையாடும் மணலிலும் அதுதான். அம்மா அதைத் தும்புத்தடியால் கூட்டிக் கொண்டிருந்தார். அந்தக் கூரை அஸ்பெஸ்ரஸ் தகட்டுக் கூரை.

அது எங்கள் பிழை. அடுப்பைப் பார்த்த நாங்கள் அண்ணாந்து கூரையைப் பார்க்கவில்லை. ஒரு கேட்டை நீக்கப் போய் இன்னொன்றைக் கிளப்பிவிட்டு வந்தோம். இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

சம்பூர் மக்களுக்குப் புகையின் கேட்டைப் பற்றி நாம் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. 2006 சித்திரையில் எறிகணைகளுக்கும் குண்டுகளுக்கும் தப்பி வெளியேறிய இவர்கள் மட்டக்களப்பிலும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த வேளையில் அவர்களுடைய காணியில் 500 மெகாவாற் நிலக்கரி அனல் மின்நிலையம் அமைக்க ஏற்பாடு நடந்தது. காணிகளில் ஒரு பகுதி 2015 இல் மீளக் கிடைத்தது. திரும்பி வந்தவர்கள் நிலக்கரிச் சாம்பல் வேண்டாம் என்றார்கள். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கமக்காரரும் கடற்றொழிலாளரும் சாம்பல் தூசு பற்றிச் சொன்ன முறைப்பாடுகள் அவர்களுடைய காதிலும் விழுந்திருந்தன. சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

அந்தப் புகை வராமலே போயிற்று. வீட்டுக்குள் நாளாந்தம் கிளம்பும் புகைக்கும் தூசுக்கும் எதிராக எவரும் மனுக் கொடுப்பதில்லை. அவை பழகிப்போன பொருட்களிலிருந்து வருகின்றன. விறகு, நுளம்புத்திரி, கூரைத் தகடு, வைக்கோல் என்பவற்றை ஆபத்தான பொருட்கள் என்று யார் நினைப்பார்?

அடுப்படியில்

விறகுப் புகையில் நம் கண்ணுக்குத் தெரிவது கரி. நுரையீரலுக்குக் கேடு செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். அது தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்தது. பெரிய தூசை மூக்கு மயிரும் தொண்டைச் சளியும் தடுத்து நிறுத்திவிடும். நுண்துகளோ அவற்றைத் தாண்டி, மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைகளில் உள்ள காற்றுப்பைகள் வரைக்கும் போய்விடும். நாள்தோறும் போனால் குழாய்கள் வீங்கிச் சளி கட்டும். வருடக்கணக்கில் போனால் அவை சுருங்கி, பழைய நிலைக்குத் திரும்பாமலே போய்விடும். புகை பிடிக்காத பெண்களுக்குப் புகைகாரரின் நோய் வருவது இவ்வாறுதான்.

காற்றோட்டம் இல்லாத குசினியில் இந்த நுண்துகள் ஏற்கத்தக்க அளவைப்போல் நூறு மடங்கு வரை உயரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டு அடுப்புப் புகையால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களில் 2,37,000 க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றும் அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பிள்ளைகள் இதில் அகப்படுவதற்குக் காரணம் தெரிந்ததே. தாய் சமைக்கும்போது குழந்தை அவளுடைய இடுப்பிலோ, பக்கத்தில் பாயிலோதான் இருக்கும். பிள்ளையின் நுரையீரல் அப்போதுதான் வளர்ந்து கொண்டிருக்கும்.

முகாம் வாழ்க்கையில் இது இன்னும் கொடிது. ஒரே அறைதான் படுக்கையும் களஞ்சியமும் குசினியும். மேலே தகரம் அல்லது தறப்பாள். மழை பெய்தால் கதவையும் சாத்த வேண்டும். ஈர விறகுதான் கிடைக்கும். ஊதி ஊதியே பாதிப் புகை நெஞ்சுக்குள் போய்விடும். அப்படி எட்டு ஒன்பது வருடம் சமைத்த தாய்மாருக்கு இன்று மூச்சு வாங்கினால் அதை வயதின்மேல் மட்டும் பழி போட முடியாது.

எரிவாயு அடுப்பு வாங்குங்கள் என்று சொல்வது எளிது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நாலு வீட்டில் மூன்றுக்கு மேற்பட்டவை விறகிலே சமைத்தன. 2022 நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமல் கொழும்பு வீடுகளே விறகுக்குத் திரும்பின. ஆகவே விறகை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம் என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலாவது, விறகு காய்ந்திருக்க வேண்டும். மாரிக்கு முன்பே வெட்டிப் பிளந்து, கூரை நிழலில் காற்றுப்பட அடுக்கி வைத்தால் புகை பெருமளவு குறையும். இது காசில்லாத வேலை. இரண்டாவது, அடுப்பு மூட்ட நாம் பயன்படுத்தும் பொருள். ஷொப்பிங் பை, பழைய செருப்பு, பசளைப் பை, உடைந்த பீவீசீ குழாய் எல்லாம் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புக்குள் போகின்றன. பீவீசீ எரியும்போது கிளம்பும் அமிலப் புகை மூச்சுக்குழாயையே அரிக்கும். பன்னாடையும் காய்ந்த பாளையும் இருக்கும் ஊரில் பொலித்தீனைக் கொளுத்துவதற்கு என்ன தேவை?

மூன்றாவது அடுப்பு. 1980களில் நம் நாட்டில் உருவாகிய அனகி அடுப்பைப் பலர் அறிவீர்கள். களிமண்ணால் ஆனது, இரண்டு பானை வைக்கலாம், விறகும் மிச்சம். ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை. விறகு குறைவதால் புகையும் ஓரளவு குறையும் என்றாலும் மிஞ்சிய புகை உள்ளேதான் நிற்கும். இதைச் சொல்லாமல் அடுப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் திட்டங்கள்மேல் எமக்கு மனத்தாங்கல் உண்டு.

நம்மைப்போலவே கமத்தை நம்பி வாழும் குவாத்தமாலா நாட்டு மலைக் கிராமங்களில் ஏறத்தாழ 500 வீடுகளை எடுத்து, பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்புக் கட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011 இல் வெளிவந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கடுமையான நியூமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆபிரிக்காவின் மலாவியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2016 இல் வந்தது. அங்கே நல்ல அடுப்புக் கொடுத்தும் நியூமோனியா குறையவில்லை. அடுப்பை மாற்றினாலும் குப்பை எரிக்கும் புகையும் புகையிலைப் புகையும் அயலில் இருந்தபடியே இருந்தன என்பது ஆய்வாளர் காட்டிய காரணங்களில் ஒன்று. நமது முற்றங்களிலும் அந்தியானால் குப்பைக்கு நெருப்பு வைக்கிறோம்.

அந்திப் பொழுதில்

நுளம்புத்திரி சிறிய பொருள். ஒரு திரி முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று கண்டது. சோதித்தவை சீன, மலேசியத் திரிகள். புகை பிடிக்கும் தகப்பனைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையின் தலைமாட்டில் திரியைக் கொளுத்தி வைக்கிறோம். டெங்குவுக்குப் பயப்பட வேண்டியதுதான். அதற்கு நல்லது வலை. டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும். ஆகவே பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். திரி வேண்டுமென்றால் ஆட்கள் படுக்கப் போகுமுன் வெறும் அறையில் கொளுத்தி, அணைத்து, யன்னலைத் திறந்துவிட்டுப் பிறகு படுக்கலாம்.

குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி பிடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டிமார் கோபிக்கக் கூடாது. தலையைத் துணியால் நன்றாகத் துவட்டினால் ஈரம் போய்விடும். ஒரு மாதக் குழந்தையின் முகத்துக்கு நேரே புகையைப் பிடிப்பதால் குழந்தைக்கு நன்மை எதுவும் இல்லை. வாசனை வேண்டுமென்றால் குழந்தை இல்லாத அறையில் காட்டுங்கள்.

தலைக்கு மேலே

அஸ்பெஸ்ரஸ் என்பது கல்லிலிருந்து எடுக்கும் நார். சிமெந்தோடு கலந்து தகடாக்கினால் தகடு மலிவு, பாரம் குறைவு, தகரம்போல் கொதிக்காது. வீடிழந்து வந்து ஒரு கூரை போட்டால் போதும் என்றிருந்த குடும்பம் அதை வாங்கியதில் ஒரு குற்றமும் இல்லை.

தகடு முழுதாகவும் உறுதியாகவும் இருக்கும்வரை நார் சிமெந்துக்குள் கட்டுப்பட்டிருக்கும். வெட்டும்போதும் துளைக்கும்போதும், உடைக்கும்போதும் கம்பித் தூரிகையால் பாசி தேய்க்கும்போதும் நார் தூசாகப் பறக்கும். மிக மெல்லிய அந்த நார் நுரையீரலுக்குள் குத்தி நின்றால் உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய், நுரையீரற் புற்றுநோய், நெஞ்சைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய் என்பன இதனால் உண்டாகலாம். அவை வெளிப்பட 20 வருடம், 40 வருடம்கூட எடுக்கும். அதனால்தான் "இவ்வளவு காலம் இருந்தோமே, ஒன்றும் வரேல்லையே" என்று சொல்லக் கேட்கிறோம். அஸ்பெஸ்ரஸ் தூசு பட்டவர் புகையும் பிடிப்பவராயின் நுரையீரற் புற்றுநோய்க்கான ஆபத்துப் பல மடங்காகும்.

நம் நாட்டுக் கூரைகளில் இருப்பது வெள்ளை அஸ்பெஸ்ரஸ். அது தீங்கற்றது என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. வெள்ளை உட்பட எல்லா வகை அஸ்பெஸ்ரசும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு.

அரசுக்கும் இது தெரியாததல்ல. 2018 முதலாம் திகதியிலிருந்து அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியை நிறுத்துவதென்று 2015 இல் தீர்மானித்திருந்தார்கள். அதற்கு இரண்டு கிழமை இருக்கையில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. கப்ரா வண்டு தானியக் களஞ்சியங்களைப் பாழாக்கும் பூச்சி. நமக்கு அஸ்பெஸ்ரஸ் விற்கும் நாடுகளில் ரஷ்யா முதன்மையானது. அஸ்பெஸ்ரஸ் தடையை அரசு பின்போட்டது. மார்கழி முடியுமுன் தேயிலைக்கும் கதவு திறந்தது. வண்டுக்கும் தகட்டுக்கும் உள்ள தொடர்பை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். தேயிலை விலைபோகாவிட்டால் தோட்டத் தொழிலாளியின் வயிறு காயும் என்பதும் உண்மை. ஆனாலும் அந்தக் கொடுக்கல் வாங்கலில் கூரைக்குக் கீழே படுப்பவர்களை எவரும் கேட்கவில்லை.

இதை வாசித்துவிட்டு எவரும் கூரையைப் பிடுங்கப் போக வேண்டாம். பிடுங்குவதில்தான் தூசு கிளம்பும். நல்ல தகட்டை அப்படியே விடுங்கள். பாசி பிடித்திருந்தால் தேய்க்க வேண்டாம். ஒரு தகட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் முதலில் நன்றாக நனைத்து, ஆணியை மெதுவாகக் கழற்றி, முழுத் தகடாகக் கையால் இறக்க வேண்டும். மேலிருந்து போடக் கூடாது. கிறைண்டர் கூடவே கூடாது. வாயில் கட்டும் துணியோ சாதாரண மாஸ்க்கோ இந்த நாரைத் தடுக்காது. வேலை முடிந்ததும் உடுப்பை வேறாக நனைத்துக் கழுவ வேண்டும். பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது.

உடைந்த துண்டுகள்தான் நம் ஊர்களில் பெரிய தொல்லை. யுத்தத்தில் தகர்ந்த வீடுகளின் தகட்டுத் துண்டுகளும் சுனாமி அள்ளிப்போட்ட துண்டுகளும் வளவுகளில் இன்னும் கிடக்கின்றன. பள்ளம் நிரப்ப, கோழிக்கூட்டுக்கு அணை கொடுக்க, ஒழுங்கையில் சேற்றுக்குப் போட என்று எடுத்துவிடுகிறோம். சைக்கிளும் உழவு இயந்திரமும் ஏறி அது மாவாகிறது. பிள்ளைகள் அதை எடுத்துச் சீமெந்து நிலத்தில் கோடு கீறி விளையாடுகிறார்கள். இத்துண்டுகளை நனைத்து, தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றிக் கட்டி, எவரும் மீண்டும் தோண்டாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். எங்கே புதைப்பதென்று பிரதேச சபையிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். கிராம அபிவிருத்திச் சங்கமாகப் போய்க் கேளுங்கள்.

வயலிலும் துறையிலும்

கிரமக்சோன் என்று நாம் அழைத்த பரகுவாற் களைகொல்லியை மூத்த கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். அது உடம்புக்குள் போனால் நுரையீரலைத் தேடிச் சென்று சேர்ந்து, அதை இறுக்கி, நாட்கணக்கில் மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்து இல்லை. இலங்கையில் 2008 இலிருந்து 2011 க்குள் அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. பழைய போத்தல் ஏதேனும் இறப்பில் செருகிக் கிடந்தால் திறக்காமல் விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள். ஆற்றிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம்.

சூடு அடிக்கும்போதும் நெல் தூற்றும்போதும் பறக்கும் சுணைத் தூசுக்கு நனைத்துப் பிழிந்த துணியை மூக்கோடு கட்டுவது ஓரளவுக்கு உதவும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது அதைவிட உதவும். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோல் வேறு விதமானது. அதைப் பிரித்து உதறிய அன்று மாலையே காய்ச்சலும் இருமலும் மூச்சு முட்டலும் வந்து, இரண்டொரு நாளில் மாறிவிடுமானால் அது சாதாரண தடிமன் அல்ல. நுரையீரல் அந்தப் பூஞ்சணத்தை ஒவ்வாமல் சண்டை பிடிக்கிறது. திரும்பத் திரும்ப நடந்தால் நுரையீரலில் தழும்பு விழும். அந்த வைக்கோலை மாட்டுக்கும் போட வேண்டாம். நனைத்துக் கூட்டெருவுக்கு விடுங்கள்.

வயல் இல்லாத காலத்தில் துறைமுகப் பக்கம் கூலிக்குப் போய்ச் சிமெந்து, மா மூடை தூக்குகிறவர்களும் நம்மில் உண்டு. சிமெந்துத் தூசும் மாத் தூசும் நெஞ்சுக்கு ஆகாதவை. மா சோற்றுப் பொருள்தானே என்று நினைக்கிறோம். நாட்பட அதன் தூசால் தொய்வு வருவது நன்கு அறியப்பட்ட ஒன்று. திங்கள் முதல் வெள்ளி வரை இழுத்து, ஞாயிறு வீட்டில் நின்றால் குறைகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் இருமலுக்குக் காரணம் எதுவென்று நாமே தீர்மானிக்கக் கூடாது. காசநோயும் அப்படித்தான் தொடங்கும். அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். குழந்தை படுத்திருக்கும்போது நெஞ்சைப் பார்த்து, மணிக்கூட்டை வைத்து முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அந்த அம்மாவின் குசினிக்கு மீண்டும் வருவோம். தும்புத்தடியை வாங்கி வைத்துவிட்டு, தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் தூசையும் பையில் கட்டினோம். மேல் மணலை நனைத்து வழித்தோம். சோற்றுப் பானையைக் கழுவினோம். ஓட்டையின் விளிம்புக்குச் சிமெந்துச் சாந்து பூசியாயிற்று. "இனி எனக்கு ஏதும் வருமோ?" என்று அவர் கேட்டார். ஒருநாள் தூசால் வரும் ஆபத்து மிகச் சிறியது, நாள்தோறும் வருடக்கணக்கில் படுகிறவருக்கே அது பெரிது என்று உள்ளதைச் சொன்னோம். புகைபோக்கி நன்றாகவே இழுக்கிறது. அவருடைய இருமலுக்கு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிச் சென்றோம், காசநோய் இல்லை. நாட்பட்ட மூச்சுக்குழாய் நோய் என்று உறிஞ்சு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் அடுப்பைப் பின்சுவரோடு ஒட்டிக் கட்டி, குழாயைச் சுவருக்குள்ளால் வெளியே எடுத்து, கூரைக்கு மேல் மூன்றடி உயர்த்தியிருக்கிறோம். தகட்டை எவரும் தொடவில்லை. கச்சான் காற்று அடிக்கும்போது மட்டும் புகை திரும்பி உள்ளே வருவதாகச் சொல்கிறார்கள். குழாயின் தலைக்கு ஒரு தொப்பி வேண்டும். தகரத்தில் வெட்டிக் கொடுக்க அந்த கிறைண்டர் இளைஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.